வெட்டிய செடியில் வந்த இலை

திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போகிறவன் என்றுதான் ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நினைத்திருந்தேன். போன வருஷம் நவம்பரில்தான், கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற திருடனும் உண்டு என்று நம்ப ஆரம்பித்தேன். அப்படி ஒருவன் கோத்தகிரிப் பக்கம் நடமாடுகிறான், அவன் ராத்திரியோடு ராத்திரியாக என் பொறுப்பில் இருக்கும் தோட்டத்தின் பேரில் தேயிலையை வைத்துவிட்டுப் போகிறான், அவனுடைய ஒரே நோக்கம் என்னை ஜெயிலுக்கு அனுப்புவது. இதை ஒரு வாரத்துக்கும் மேலாக மனதார நம்பினேன்.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, உங்களை உள்ள தள்ளறதுக்கு ஒருத்தன் சொந்த இலைய செலவு பண்ணுவானாக்கும்? நீங்க அவ்வளவு பெரிய ஆளுங்களா?"

அந்தக் கேள்வியிலேயே நான் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை. எதிரி இருக்கிறான் என்பதில் ஒரு சின்ன கௌரவம் இருந்தது.

கோத்தகிரி பஜாரில் எனக்கு ஒரு கடை. கோப்பை, ஷீல்டு, மெடல், பொன்னாடை எல்லாம் கிடைக்கும். பெயர் பொறித்தும் தருவேன். ஊட்டியில் கல்லூரியில் படித்தபோது நானும் ஓட்டக்காரன்தான், ஐயாயிரம் மீட்டர். நான் ஓடி முடிக்கும்போது மைதானத்தில் அடுத்த போட்டிக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். "தம்பி, கொஞ்சம் ஓரமா ஓடு" என்பார் சுண்ணாம்பு வாளிக்காரர். ஒரு கோப்பையும் ஜெயிக்காதவனிடம்தான் இன்றைக்கு இந்த மலையில் பாதிப் பேர் கோப்பை வாங்குகிறார்கள்.

எங்கள் செட்டில் உண்மையாகவே ஓடியவள் ஒருத்தி. அவளுக்கு முன்னால் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. கோத்தகிரியை அடுத்து, அவளுடைய அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேயிலை இருந்தது. அவள் நர்ஸ் படித்து அயர்லாந்து போய் அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு தோட்டம் அவள் பேருக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் போன் பண்ணினாள்.

"டேய், எங்க தோட்டத்தை நம்ம காலேஜுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்."

"கேன்டீன் டீ அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"கொஞ்ச நேரம் வாயை மூடு. ஓடற புள்ளைங்களுக்கு. ஒரு சமயத்துல ஒரு புள்ளை. ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் அந்த இலையில நடக்கணும். நான் இருந்தாலும் இல்லாட்டியும் நடக்கணும். எம் பேரெல்லாம் போட வேண்டாம்."

"பேரு போடலேன்னா ஷீல்டுக்கு ரேட்டு கம்மி. எனக்கு நஷ்டம்."

"அதனாலதான் போட வேண்டாங்கறேன்."

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் அதற்குக் கூட்டம் போட்டோம். வழக்கமாக இப்படிக் கொடுக்கிறவர்கள் பணமாகக் கொடுப்பார்கள், அது பேங்கில் கிடக்கும், வட்டி மட்டும் வருஷா வருஷம் மாணவர்களுக்குப் போகும். தோட்டமாகக் கொடுத்தவர் அதுவரை யாரும் இல்லை. எங்கள் சங்கத்து ஆடிட்டர் எழுந்து விளக்கினார். "ரொம்ப சுலபம். செடி முதல், இலை வட்டி. முதலை யாரும் தொடக் கூடாது."

நான் சும்மா இருந்திருக்கலாம். "காட்டுமாடு வந்து மேஞ்சுட்டா அது வாராக்கடன்ல வருமா சார்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் சங்கத்தில் யார் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தலையில்தான் வேலை விழும். அன்றே என்னைத் தோட்டத்துக்குப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.

பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பறிக்க ஆள் வைத்து, பறித்த இலையை ரோட்டோரத்து ஷெட்டில் சேர்க்க வேண்டும். சாக்கின் மேல் தோட்டத்து நம்பரை எழுதி வைத்தால் ஏஜெண்ட் வேனில் வந்து எடை போட்டு ஃபேக்டரிக்கு ஏற்றிக்கொண்டு போவார். மற்றவர்களுக்கு மாதாமாதம் பணம். எங்கள் நம்பருக்கு மட்டும் செமஸ்டருக்கு ஒரு தடவை மொத்தமாக, இதற்கென்று கல்லூரியில் ஆரம்பித்த அறக்கட்டளைக்குப் போட்டுவிடும்படி சொல்லிவைத்திருந்தோம்.

அந்த இலையில் முதன்முதலாகப் படிக்க வந்தவள் கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் லைனில் பிறந்த ஒரு பெண். அம்மாவும் அப்பாவும் கொழுந்து பறிக்கிறவர்கள், தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். இவளும் ஐயாயிரம் மீட்டர்தான். ஆனால் சுண்ணாம்பு வாளிக்காரருக்கு வேலை கொடுக்காத ஐயாயிரம் மீட்டர்.

தோட்டத்தை ஒப்படைத்த அன்று கற்பூரம் கொளுத்தி ஒரு சின்னப் பூஜை. கல்லூரி விளையாட்டு ஆசிரியர், எல்லாரும் பி.டி. சார் என்று கூப்பிடுகிறவர், அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு படுகப் பெண்மணி. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைக் கோப்பைக்கார அண்ணா என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பதை இருவருமே இதுவரை விசாரிக்கவில்லை. அக்கா ஃபிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டே அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"நீ பெரிய ஓட்டக்காரின்னாங்களே. அந்த மேட்டுக் கோயிலத் தொட்டுட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"இந்த டீ ஆறறதுக்குள்ள வந்துருவேங்க."

அக்கா டம்ளரைப் பாறை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண் செடிகளுக்கு நடுவே ஏறினாள். அவளுடைய சிவப்பு பனியன் கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் மேட்டில் தெரிந்தது, அப்புறம் எங்கள் முன்னால் நின்று மூச்சு வாங்கியது. அக்கா டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் சுடுது" என்று அவளிடமே கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "நீங்க போய்ட்டு வந்திருந்தா மாடு மறுபடி கறந்திருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தப் பெண் "நம்ம புள்ள." நான் எப்போது தோட்டத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "நம்ம புள்ள நல்லா ஓடுதா?" இரண்டாவது கேள்வி, "நீங்க எப்ப இளைப்பீங்க?"

முதல் வருஷம் இலையே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. எனக்கும் தோட்டக்கலை நன்றாக வருகிறது என்று ஓர் எண்ணம் வந்துவிட்டது. போன வருஷம் ஆகஸ்டில் அயர்லாந்திலிருந்து போன்.

"செடியைக் கட்டையா வெட்டிக் கவாத்துப் பண்ணி அஞ்சு வருஷம் தாண்டிருச்சு. ஆளுக்குச் சொல்லிட்டேன், அடுத்த வாரம் வந்து வெட்டுவாங்க."

"முதலைத் தொடக் கூடாதுன்னு ஆடிட்டர்..."

"வெட்டலேன்னா முதலும் இருக்காது, வட்டியும் இருக்காது. நீ அந்த மலையிலதானே இருக்கே?"

"அப்ப இலை?"

"நாலு மாசத்துக்கு மேல ஆகும்."

"டிசம்பர்ல அந்தப் பொண்ணுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் இருக்கே?"

"அது நடக்கும். அக்காகிட்ட சொல்லியிருக்கேன்."

அக்காவிடம் என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நான் கேட்கவில்லை. ஐரிஷ்காரன் டீ குடிக்கும் விதம் பற்றி ஒரு ஜோக் தயாராக இருந்தது, அதைச் சொல்வதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

கவாத்து முடிந்து போய்ப் பார்த்தேன். இடுப்புக்கு மேல் பச்சையாக நின்ற தோட்டம் முழுக்க முழங்கால் உயரக் கட்டைகள். முடி இறக்கிய பிள்ளையைப் பார்த்த மாதிரி இருந்தது. கட்டைகளின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு இலை கிடையாது. வேலை முடிந்தது, இனி ஜனவரியில் வந்தால் போதும் என்று கடைக்குப் போய்விட்டேன். டிசம்பர் ஃபீஸ் அவ்வப்போது ஞாபகத்துக்கு வரும். "அது நடக்கும்" என்றாளே, அயர்லாந்தில் சம்பாதிக்கிறவள் அனுப்புவாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

நவம்பரில் ஒரு நாள் பேக்கரியில் ஏஜெண்டைப் பார்த்தேன். வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, உங்க இலை இந்த வாரம் பிரமாதமுங்க. ரெண்டு இலையும் கொழுந்துமா, ஒரு முத்தல் கிடையாது."

"எந்த இலை?"

"காலேஜ் தோட்டத்து இலைதானுங்க."

"அது... எத்தனை நாளா வருது?"

"செப்டம்பர்லருந்து வாரம் தவறாம வருதுங்களே. சாக்கு ஷெட்ல இருக்கும், உங்க நம்பர் எழுதியிருக்கும். நாங்க எடை போட்டு ஏத்திருவோம். ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் தெரியும்" என்றேன். எனக்குத் தெரிந்த விஷயத்தை ஒரு தடவைதான் தெரியும் என்பேன்.

அன்று மத்தியானம் ஒரு கபடிக் கோப்பையில் 'இரண்டாம் பரிசு' என்பதை இரண்டு தடவை பொறித்துவிட்டேன். மனது கட்டைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தது. கட்டையில் இலை வராது. வராத இலை எங்கள் நம்பரில் வருகிறது. அப்படியென்றால் எங்கேயோ ஒரு பெரிய எஸ்டேட்டில் திருடிய இலையை எங்கள் பேரில் கழிக்கிறார்கள். அல்லது கறுப்புப் பணம். கறுப்புப் பணத்தைப் பச்சைத் தேயிலையாக மாற்றி, அதை ஃபேக்டரியில் மறுபடி கறுப்பாக்கி... இந்த இடத்தில் எனக்கே கொஞ்சம் குழம்பியது, ஆனால் பயம் குழம்பவில்லை. டிவியில் கீழே ஓடும் செய்தி கண்ணுக்குத் தெரிந்தது. 'விளையாட்டு உதவித்தொகை பெயரில் தேயிலை மோசடி. கோப்பை வியாபாரி கைது.'

மனைவி சாவகாசமாகக் கேட்டுக்கொண்டாள். "போட்டோ புடிக்கறப்ப அந்த மங்கி குல்லாவக் கழட்டிருங்க. சொந்தக்காரங்க பாப்பாங்க."

அயர்லாந்துக்கு மெசேஜ் அனுப்பினேன். 'அவசரம்.' பதில் இல்லை. 'மிக அவசரம்.' பதில் இல்லை. 'தோட்டத்தில் மர்மம்.' ம்ஹூம். பிறகுதான் தெரிந்தது, தினம் காலையில் நான் அனுப்பும் ஜோக்குகள் தாங்காமல் இரண்டு வருஷமாகவே அவள் என்னை ஊமையாக்கி வைத்திருக்கிறாள். அந்த மூன்று மெசேஜையும் அவள் தைப்பூசம் கழித்துத்தான் பார்த்தாள். 'தோட்டத்தில் மர்மம்' என்பதை ஜோக் என்று நினைத்துச் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினாள்.

நானே துப்பறிவது என்று முடிவு செய்தேன். சாக்கு வருவது செவ்வாய்க்கிழமைகளில் என்று ஏஜெண்டிடம் நைசாகக் கேட்டுக்கொண்டு, செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். நல்ல மூடுபனி. தோட்டத்துக்குள் போய் ஷெட் தெரிகிற மாதிரி ஒரு செடிக்குப் பின்னால் பதுங்கினேன். செடி முழங்கால் உயரக் கட்டை என்பதைப் பதுங்கிய பிறகுதான் கவனித்தேன். பனி இருக்கும்வரை பிரச்சினை இல்லை. குந்தி உட்கார்ந்து, குல்லாவைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தேன். கால் மரத்துப்போனது. பனி விலகியது.

பத்தடி தள்ளி அக்காவின் தோட்டத்தில் பறிக்கிற பெண்கள் ஐந்தாறு பேர் கூடையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார்களோ.

"ஏனுங்க சார், வயிறு சரியில்லீங்களா?" என்றாள் ஒருத்தி, உண்மையான அனுதாபத்தோடு. "கீழ ஓடைப் பக்கம் போங்க. அங்க மறைவா இருக்கும், தண்ணியும் இருக்கு."

எழுந்து, "மண்ணைப் பாக்கறேன்" என்றேன். எழுந்த வேகத்தில் மரத்த கால் மடங்கி மறுபடி உட்கார்ந்தேன்.

அக்காவும் அங்கேதான் இருந்தார். தோளில் ஒரு சாக்கு. "மண்ணு எப்படி இருக்கு அண்ணா?"

"நல்லா இருக்கு அக்கா."

"பாத்து. ரொம்ப கிட்டக்கப் போய்ப் பாக்காதீங்க."

நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்த தூரம் முழுக்கப் பின்னால் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா தோளில் இருந்த சாக்கு எனக்கு உறைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. உறைத்தது. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் சாக்கு வைத்திருப்பவரையெல்லாம் சந்தேகப்பட ஆரம்பித்தால் நீலகிரி மாவட்டத்தையே கைது செய்ய வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஃபேக்டரிக்கு போன் போட்டேன். குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "காலேஜ் நம்பர்ல வர்ற இலை எங்க இலை இல்லை. விசாரிச்சு முடிக்கற வரைக்கும் அந்த நம்பருக்குப் பணம் போட வேண்டாம்" என்றேன்.

கணக்குப் பிள்ளை நம்பரைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். "நிச்சயமாத்தான் சொல்றீங்களா சார்?"

"நூத்துக்கு நூறு."

போனை வைத்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. ஊரே கொள்ளையடிக்கிற காலத்தில் தன்னிடம் வந்து விழுகிற பணத்தை வேண்டாம் என்கிறவன் எத்தனை பேர்? வீட்டுக்குப் போகும்போது அரைக் கிலோ வர்க்கி வாங்கிக்கொண்டு போனேன்.

"எதுக்குங்க இது?"

"நேர்மையா இருந்ததுக்கு."

"தினமும் இருந்துராதீங்க. சுகர் ஏறிரும்."

அடுத்த திங்கட்கிழமை பி.டி. சார் கூப்பிட்டார். "சார், ட்ரஸ்ட் பணம் இன்னும் வரலையே. வெள்ளிக்கிழமை ஹாஸ்டலுக்குக் கடைசி நாள். ஃபேக்டரில கேட்டா நீங்களே நிறுத்தச் சொன்னதாச் சொல்றாங்க?"

"ஒரு சின்ன விசாரணை..."

"விசாரணையெல்லாம் இருக்கட்டும் சார். வெள்ளிக்கிழமை கட்டலேன்னா வார்டன் அந்த இடத்தை வெயிட்டிங்ல இருக்கற பொண்ணுக்குக் குடுத்துருவாங்க. இவ கூடலூர்லருந்து தினம் ஊட்டிக்கு வந்து போய்ப் படிக்க முடியுமா, ஓட முடியுமா? அம்மா வெள்ளிக்கிழமை வர்றாங்களாம். அத்தை பொண்ணு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கா, அங்க அனுப்பிடறேங்கறாங்க. இந்தாங்க, அவளே பக்கத்துலதான் இருக்கா."

"சார்," என்றாள் அந்தப் பெண். "செடியெல்லாம் நல்லா இருக்குங்களா?"

"நல்லா இருக்கும்மா. கொஞ்சம் முடி வெட்டி விட்டிருக்கோம்."

சிரித்தாள். "நான் பொட்டி கட்டிட்டேன் சார். ஷூவை மட்டும் வெளிய வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் காலைல ஓடலாம்ல."

போனை வைத்துவிட்டு அந்தத் திருடன் மேல் பயங்கரமாகக் கோபப்பட்டேன். கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. கணக்கு மெதுவாகத்தான் எனக்கு வரும், ஆனால் வந்துவிடும். கட்டையில் இலை இல்லை. இவளுடைய ஃபீஸுக்கு வரவேண்டிய பணம், அப்படியானால், திருடன் போட்ட இலையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மூன்று மாதமாக இந்தப் பெண்ணைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவன் திருடன். அவனைப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

கையிலிருந்து கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என் கையைக் கேட்டேன். கோவையில் என் மகளுக்கு ஃபீஸ் கட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தது அது. சங்கத்தில் கேட்டால் கூட்டம் போட்டு முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும், அயர்லாந்துக்கு போன் போட்டு நான் செய்ததைச் சொல்ல வெட்கம்.

மறுநாள் காலையில் அக்கா கடைக்கு வந்தார். அவர் பஜாருக்கு வந்தாலும் என் கடைக்குள் வந்ததில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பின்னால் ஷெல்ஃபில் நூறு கோப்பை.

"எந்த மகராசன் அண்ணா எங்க இலைக்கு வர்ற பணத்த நிறுத்தினது? ஏஜெண்டு இப்பத்தான் சொன்னாரு."

"உங்க இலையா?"

"எங்க இலைதான். எங்களோடது, மேல் தோட்டத்துக்காரரோடது, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களோடது. வாரம் ஆளுக்கு ஒரு சாக்கு."

"எங்க நம்பர்ல எதுக்கு அக்கா போட்டீங்க?"

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கவாத்து வெட்டினவங்க நாலு மாசம் காத்தையா சாப்பிடுவாங்க? சுத்தி இருக்கறவங்க அவங்க நம்பர்ல போடுவோம். எங்களுக்குக் கவாத்து வர்றப்ப அவங்க எங்க நம்பர்ல போடுவாங்க. உங்க சிநேகிதி அப்பா இருந்தப்பவும் இப்படித்தான். அந்தம்மாதான் போன்ல சொன்னாங்க, இந்தத் தடவ புள்ளயோட ஃபீஸு இருக்கு, விட்டுராதீங்கன்னு. உங்களுக்கு இது தெரியாதா?"

"யாரும் சொல்லலையே?"

"காலைல பல்லு வெளக்கறத ஊருக்குச் சொல்லிட்டா வெளக்குவாங்க? நீங்க இந்த மலையிலதானே பொறந்தீங்க?"

"பஜார்ல பொறந்தேன் அக்கா."

"அதானே பாத்தேன். தேயிலைய டம்ளர்ல மட்டும் பாத்த ஆளு." சட்டென்று அவருக்கு எதுவோ ஞாபகம் வந்துவிட்டது. "அன்னைக்கு அந்தக் கட்டைக்குப் பின்னாடி..."

"திருடனப் புடிக்கத்தான் உக்காந்திருந்தேன்."

"யாரு, என்னையா?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, முக்காட்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா சிரித்து முடிக்கும்வரை ஒரு ஷீல்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமான ஷீல்டு.

"சரி, சிரிச்சது போதும்" என்று அவரே எழுந்தார். "புள்ளைக்கு என்ன பண்றது? கடைய சாத்துங்க, போலாம்."

ஏஜெண்டின் வேனில் ஃபேக்டரிக்குப் போனோம். அக்கா முன்னால் உட்கார்ந்தார். பின்னால் இலை மூட்டைகளோடு நான். மேனேஜர் இளவட்டம், நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நிறுத்தினதை இப்பவே எடுத்துடறேன் சார். ஆனா இந்த மாசக் கணக்கு முடிச்சாச்சு. இனிப் பத்தாந்தேதிதான் போட முடியும். வேணும்னா நான் காலேஜுக்குப் பேசறேன்."

பேசினார். பத்தாம் தேதி பணம் வருவது உறுதி என்று பி.டி. சாரிடம் சொன்னார். பி.டி. சார் வார்டனிடம் சொன்னார். வார்டன், ரூல் என்றால் ரூல்தான் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஊட்டிக்குப் போனேன். ஹாஸ்டல் வாசலில் தகரப் பெட்டி, ஒரு பக்கெட், உருட்டிக் கட்டிய கம்பளி. பக்கத்தில் அந்தப் பெண்ணின் அம்மா. காலை ஐந்து மணி பஸ்ஸுக்கு எழுந்து வந்தவர், முகத்தில் தூக்கம் இருந்தது. பெண் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"ஒரு நாள் லீவுதான் சார் குடுத்தாங்க" என்றார் அந்த அம்மா. "இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரணும். நாளைக்கு வான்னா என்னால வர ஏலாது."

"பத்தாந்தேதி பணம் வந்துரும்மா. நிச்சயம்."

"கவாத்து வெட்டியிருக்குன்னு பாப்பா சொல்லுச்சு. அப்புறம் கொழுந்து ஏது? எங்களுக்குத் தெரியாத தோட்டமா சார்?"

நியாயமான கேள்வி. அவரிடம் பொய் சொன்னால் நிற்காது. முழுசாகச் சொன்னேன். மூன்று தோட்டத்துக்காரர்கள் சாக்குப் போட்டது, நான் திருடனைப் பிடிக்கப் போனது, கட்டைக்குப் பின்னால் குந்தியது, ஓடைப் பக்கம் போகச் சொன்னது. பெண் ஷூவை விட்டுவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. தகரப் பெட்டியின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, "நெசமாத்தான் அவங்க போட்டாங்களா?" என்றார்.

"நெசமாத்தான்."

"அப்ப பத்தாந்தேதி வரைக்கும் பாப்பம்" என்று பக்கெட்டை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

அவளுடைய இடம் அன்று சாயந்தரமே வெயிட்டிங்கில் இருந்த பெண்ணுக்குப் போய்விட்டது. வேறு அறையில் இருந்த இரண்டு பெண்கள் தங்கள் கட்டில்களை ஒட்டிப் போட்டு நடுவில் அவளைப் படுக்க வைத்துக்கொண்டார்கள். வார்டன் அந்த வராந்தாப் பக்கம் சில நாள் வரவில்லை. பத்தாம் தேதி பணம் வந்தது. தாமதத்துக்கு அபராதம் போட்டிருந்தார்கள், அதை மட்டும் நான் கட்டினேன். அந்த வருஷம் முழுக்க அவள் மூன்றாவது ஆளாக அந்த அறையிலேயே இருந்தாள், பல்கலைக்கழகப் போட்டியில் நான்காவதாக வந்தாள். ஏப்ரலில் எங்கள் செடி நன்றாகத் துளிர்த்த பிறகு, அவர்களுக்குக் கவாத்து வரும்வரை காத்திருக்காமல், மூன்று தோட்டத்துக்காரர்கள் நம்பரிலும் வாரம் ஒரு சாக்கு போட ஆரம்பித்தோம். அவள் படிப்பை விடவில்லை. இப்போது மூன்றாம் வருஷம்.